தோழரா? பாயா?

போன ஞாயிற்றுக்கிழமை கூனிமேட்டில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா ரஹீம் என் பழைய சிநேகிதர். மரக்காணம் உப்பை ஏற்றிப்போகும் லாரி ஓட்டுகிறவர். பிரியாணி பிரமாதம். ஆனாலும் சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை. காரணம்... சீனா!

சிரிக்காதீர்கள். சொல்கிறேன்.

மரக்காணத்தில் உப்பளத் தொழிலாளர் சங்கம் ஒன்று உண்டு; உப்பு லாரிக்காரர்களும் அதில் சேர்த்தி. அதன் செயலாளர் செல்வராஜ். அவரும் ரஹீமும் சேர்ந்தே மறியல் செய்து, சேர்ந்தே போலீஸ் வேனில் ஏறியவர்கள்.

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆண்களை 'பாய்' என்றுதான் மரியாதையாகக் கூப்பிடுவோம். டீக்கடையில், பஸ்ஸில், எங்கே போனாலும் ரஹீம் 'பாய்'தான். சங்கத்தில் மட்டும் 'தோழர்'. "அந்த ஒரு எடத்துலதாங்க நான் எந்த மதம்னு யாருக்கும் ஞாபகம் வர்றதில்ல" என்று பெருமையாகச் சொல்வார்.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் ஒரு சங்கக் கூட்டம். நானும் போயிருந்தேன். சீனா முன்னேறிய கதையை செல்வராஜ் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ரஹீம் எழுந்தார்.

"தோழர், அங்க உய்குர் முஸ்லிம்களை கேம்ப்ல அடைச்சு வச்சிருக்காங்கன்னு நியூஸ் வருதே... நாம அதப்பத்தி ஒண்ணும் பேச மாட்டமா?"

"அதெல்லாம் அமெரிக்காக்காரன் கட்டிவுடற கதை தோழர்."

"அவன் பொய் சொல்றவன்தான், ஒத்துக்கறேன். ஆனா நாம விசாரிக்கலாம்ல? இங்க நம்மாளைப் புடிச்சுட்டுப் போனா, கவர்மென்ட் சொல்றதையா நம்பறோம்?"

சிலர் தலையாட்டினார்கள். செல்வராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. சட்டென்று கேட்டார்: "இப்ப நீங்க தோழரா பேசறீங்களா... பாயா பேசறீங்களா?"

ரஹீம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அப்புறம் சங்கப் பக்கமே வரவில்லை. அவரோடு மற்ற லாரிக்காரர்களும் விலகிவிட்டார்கள். அடுத்த ஸ்ட்ரைக்கில் உப்பளத்தில் வேலை நின்றது — ஆனால் குவித்து வைத்திருந்த உப்பை லாரிகள் ஏற்றிக்கொண்டு போயின. ஸ்ட்ரைக் பிசுபிசுத்தது. முதலாளிகளுக்குக் கொண்டாட்டம்!

அமெரிக்கா சொல்வதையெல்லாம் நம்ப நானும் தயாரில்லை. அதற்காக மரக்காணத்தில் உட்கார்ந்துகொண்டு சீன அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டுமா? அவர்களிடம் வக்கீலுக்கா பஞ்சம்? கூட நின்று போராடிய மனிதர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதைப் பொறுக்க முடியவில்லையே! நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

கல்யாணத்துக்கு செல்வராஜும் வந்திருந்தார். ரஹீமே வீடு தேடிப் போய் அழைத்தாராம். வாசலிலேயே ரஹீமின் கையைப் பிடித்துக்கொண்டார் செல்வராஜ். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கு நான் அப்படி கேட்டிருக்கக் கூடாது தோழர். மறுபடியும் சங்கத்துக்கு வாங்க."

"மொதல்ல சாப்புடுங்க" என்று உள்ளே அழைத்துப்போனார் ரஹீம். பக்கத்திலேயே நின்று பரிமாறினார். செல்வராஜுக்குப் பல் சரியில்லை என்று தெரிந்து, மெத்தென்ற கறியாகத் தேடித் தேடி வைத்தார். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கிளம்பும்போது செல்வராஜ் மறுபடி கேட்டார்: "அப்ப... வர்றீங்களா தோழர்?"

ரஹீம் சிரித்த முகமாகவே சொன்னார்: "பாய்னே கூப்புடுங்க சார். பரவால்ல."

சங்கத்துக்கு ஒரு தோழர் போனது போனதுதான்.

சீனாவுக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை!