நாற்றமில்லாத டேங்க்

ராசப்பண்ணன் தன் மூக்கை நம்பிச் செத்தார். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

வீரபாண்டிப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில், கழிவுநீரைச் சுத்தப்படுத்தும் இடத்தில், பதினோரு வருடம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ஃபிட்டர், அவர் தொட்டி கழுவுகிறவர். அவருடைய கூடப்பிறந்த தம்பி மலக்குழியில் இறங்கி விஷவாயுவில் போனவன். அதற்குப் பிறகு எந்தத் தொட்டியானாலும் மூடியைத் திறந்து, குப்புறப் படுத்து, தலையை உள்ளே விட்டு மோந்து பார்க்காமல் அவர் இறங்கியதில்லை. துளி வாடை அடித்தாலும் எழுந்து வந்துவிடுவார். ஒரு தடவை சூப்பர்வைசர் தனபால், "வேலை நிக்குதுங்க, எறங்குங்க!" என்று சத்தம் போட்டார். "நீங்க எறங்குங்க சாமி, நான் மேல நின்னு சத்தம் போடறேன்" என்றார் இவர். சிரிப்பை அடக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே! அன்று ஒரு மணி நேரம் பிளோயர் ஓட்டிக் காற்றடித்த பிறகுதான் இறங்கினார். எங்களில் இரண்டு மூன்று பேர் உயிரோடு நடமாடுவதே அந்த மூக்கால்தான்.

கார்பன் டேங்க் மட்டும் அவருக்குச் செல்லம். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து மூட்டை மூட்டையாக வரும் கொட்டாங்கச்சிக் கரியை மிளகு பருமனில் உடைத்து அதில் நிரப்பியிருக்கும். தண்ணீரில் மிச்சமிருக்கும் சாயத்தையும் வாடையையும் அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கரியில் ஒரு பிடியைப் பனியன் துணியில் முடிந்து வீட்டு பீரோவில் வைத்திருந்தார். சட்டையெல்லாம் சாய வாடை வீசுகிறது என்று அவர் சம்சாரம் மயிலாள் அக்கா சண்டை போட்டதால் வந்த யோசனை. "இப்ப மோந்து பாரு அங்கமுத்து, புதுச் சட்டையாட்ட இருக்குது" என்று சட்டைக் கையை என் முகத்தருகே நீட்டுவார். அப்படியொரு பெருமை.

இந்தப் பொங்கல் லீவுக்கு முன்னால் டேங்கில் தண்ணீரை வடித்துவிட்டு, ஈரக் கரியோடு மூடிவிட்டுப் போனோம். ஐந்தாம் நாள் காலையில் பழைய கரியை அள்ள வேண்டும். மேல்மூடியைக் கழற்றினேன். அண்ணன் வழக்கம்போலப் படுத்து மோந்தார். நானும் மோந்தேன். கழுவிக் கவிழ்த்த சோற்றுப்பானை மாதிரி, ஒரு வாடையும் இல்லை.

"பிளோயர் கொண்டாரட்டுங்களா அண்ணா?"

"எதுக்குக் கண்ணு? கரிதான் எல்லாத்தையும் இழுத்துருச்சே. உள்ள படுத்துத் தூங்கலாம்."

கயிறும் கட்டவில்லை. ஏணியில் இறங்கி, கரிமேல் நின்று, மண்வெட்டிக்காகக் கையை மேலே நீட்டினார். நீட்டியபடியே முட்டி மடங்கிச் சரிந்தார். ஒரு சத்தம் கூட இல்லை. பக்கத்தில் நின்ற இளங்கோ, மயிலாள் அக்காவின் தம்பி, "மாமா!" என்று அலறிக்கொண்டு உள்ளே காலை வைத்தான். அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். "விடுடா, படுபாவி!" என்று என் கையைக் கடித்தான். நான் விடவில்லை. பிளோயரைப் போட்டோம். தீயணைப்பு வண்டி வந்து, முகமூடி போட்ட ஆட்கள் இறங்கித் தூக்கும்போது அரைமணி ஓடியிருந்தது. எல்லாம் முடிந்துபோயிருந்தது.

விசாரிக்க வந்த அதிகாரி காற்றை அளக்கும் மீட்டரைக் காட்டிச் சொன்னார்: "மூடின எடத்துல ஈரக் கரி காத்துல இருக்கற ஆக்சிஜனையே இழுத்துக்கும்ங்க. ஆக்சிஜன் இல்லாத காத்துக்கு ஏது வாடை?" அட பாவிகளா! பதினோரு வருடத்தில் இதை எங்களுக்குச் சொல்ல ஒரு நாதியில்லையே.

காரியம் முடிந்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். இளங்கோ, தான் கடித்த இடத்தில் நான் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். மயிலாள் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மோந்து பாத்துட்டுத்தானுங்க எறங்குனாரு?"

"ஆமாங்கக்கா. நானும் மோந்து பாத்தனுங்க."

அக்கா எழுந்து பீரோவைத் திறந்தார். அண்ணன் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினார். ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். கடைசிச் சட்டைக்குப் பின்னால் அந்தத் துணி முடிச்சு கிடந்தது.

"ஒண்ணுலயும் அவரு வாசம் இல்லீங்க" என்றார். "நாந்தானுங்க சண்ட போட்டு இத வெக்க வெச்சேன்."