இரண்டு தடவை டேப்

எந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தாலும் இஃப்ஃபத் முதலில் கறுப்புத் திரையைத் திறப்பாள். ஏதாவது ஒரு மென்பொருள் கருவியின் பெயர், அதன் பக்கத்தில் இரண்டு சின்னக் கோடு, பிறகு டேப் விசையில் இரண்டு தட்டு. அந்தக் கருவிக்குச் சொல்லக்கூடிய கட்டளைகளெல்லாம் திரையில் கொட்டினால் முகம் தெளியும். 'பீப்' என்று வெறும் சத்தம் வந்தால், "இதுக்கு ஜன்னி கண்டிருக்கு. யாரு கை வச்சீங்க?" என்று அறையையே ஒரு பார்வை பார்ப்பாள். கை வைத்தவர் அதற்குள் டீ குடிக்கக் கிளம்பியிருப்பார்.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு மாடியில் எங்கள் நிறுவனம். வெளிநாட்டு ஆய்விதழ்களைக் கணினியில் கட்டளை அடித்துப் பக்கம் கட்டி அனுப்புவோம். நான் அங்கே பிழை திருத்திக்கொண்டிருந்தேன். லினக்ஸ் ஓடும் முப்பது கணினிகளுக்கும் அவள்தான் பொறுப்பு. முல்லா வீதியிலிருந்து ஸ்கூட்டியில் வருவாள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, விசைப்பலகை தேய்க்க ஒரு பழைய பல் பிரஷ் இருக்கும். சிடிகளை பிஸ்கட் டப்பாவில் அடுக்கி வைத்திருப்பாள். யாராவது ஒன்றை மேசையில் வெறுமனே போட்டுவிட்டால் போச்சு. "சாப்புடுற தட்ட இப்பிடித்தான் தரையில தேய்ப்பீங்களா?" என்பாள்.

அந்தக் குண்டு மானிட்டர்களும், கரண்ட் போனதும் மாடி முழுக்க யுபிஎஸ்கள் சேர்ந்து கத்துகிற கூச்சலும் இப்போது நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது. அன்றைக்குத் தலைவலி என்று திட்டியவளும் நான்தான்.

டேப் தட்டிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு ஆரம்பத்தில் கிடையாது. பத்து விரலும் பறக்கும்; எவ்வளவு நீளக் கட்டளையானாலும் முழுசாக அடித்து முடித்துவிடுவாள். இரண்டு எழுத்தை அடித்து, டேப் தட்டி, மீதியைக் கணினி நிரப்பட்டும் என்று காத்திருக்கிற ஆள் எங்கள் மாடியில் ஒருவர்தான். வடிவேல் அண்ணன். தட்டாஞ்சாவடி அச்சகம் ஒன்றில் காகிதம் வெட்டும்போது வலக்கையின் நான்கு விரல்களைப் பறிகொடுத்தவர். நாற்பது வயதுக்கு மேல் கணினி கற்றுக்கொண்டு, இடக்கையால் மட்டும் அடிப்பார். அந்த டேப் விசையின் தயவில் இரண்டு கை ஆளுக்குச் சமமாகப் பக்கம் தள்ளுவார்.

2006 மழைக்காலத்தில் இஃப்ஃபத் எல்லாக் கணினிகளுக்கும் புது லினக்ஸ் போட்டாள். அந்த வாரத்திலிருந்தே வடிவேல் அண்ணனின் பக்கங்கள் குறைய ஆரம்பித்தன. மேலாளர் புருஷோத்தமன் கெட்டவர் இல்லை, ஆனால் கறார். "பொங்கல் வரைக்கும் பாக்குறேன் வடிவேல். அப்பறம் கேட்ல உக்காந்து, வர்றவங்க போறவங்க ரெஜிஸ்டர் பாத்துக்குங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். அண்ணன் தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். என்னிடம் மட்டும், "வயசாவுதும்மா. இருக்கிற ஒரு கையும் மந்தமாயிட்டுது" என்றார். நானும் நம்பினேன். தைலம் தேய்க்கச் சொன்னேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு நாள் அவருடைய விசைப்பலகையைத் தேய்க்க வந்த இஃப்ஃபத், பிரஷ்ஷும் கையுமாக நின்றுவிட்டாள். அவர் ஒரு நீளக் கட்டளையை எழுத்து எழுத்தாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். இடக்கை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் அலைந்தது.

"அண்ணே, ஏன் டேப் தட்டல?"

"தட்டுனா வரலம்மா. நமக்குத்தான் சரியா தட்ட முடியல போலன்னு வுட்டுட்டேன்."

"எத்தினி நாளா?"

"நீ புதுசு போட்டதுலேர்ந்து."

அவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். கருவியின் பெயர், இரண்டு கோடு, டேப். பீப். இன்னொரு கருவி. பீப். அன்று அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. மூன்று மணி வாக்கில், "யா அல்லாஹ், நான் பண்ண வேலதாங்க்கா இது" என்றாள் என்னிடம்.

விஷயம் இதுதான். புது லினக்ஸ் போட்டபோது யாருக்கும் புது இடமாகத் தெரியக்கூடாது என்று கறுப்புத் திரையைத் திறந்ததும் கணினி முதலில் படிக்கிற அவரவருடைய பழைய தொடக்கக் கோப்பை அப்படியே நகலெடுத்துப் போட்டிருக்கிறாள். "குடி மாறுனாலும் அஞ்சறைப்பெட்டி அதே கைப்பக்கம் இருக்கட்டும்னு பாத்தேன்" என்றாள். பழைய லினக்ஸில் டேப்புக்கு வேண்டிய குறிப்புகளை அவளே கையால் ஓர் அடைவில், அதாவது ஃபோல்டரில், போட்டு வைத்திருந்தாள். புதியதில் கருவிகளெல்லாம் தயாராகக் கட்டிய பொட்டலமாக, பேக்கேஜாக வந்தன. தங்கள் குறிப்புகளை வேறோர் அடைவில் வைத்துக்கொண்டன. பழைய கோப்போ பழைய அடைவையே போய்த் தேடியது. "சாமான் புது ரூம்ல இறங்கியிருக்குது. நான் குடுத்த விலாசம் காலி ரூமோடது."

இரண்டே வரி திருத்தம். முப்பது கணினியிலும் மாற்றிவிட்டு நேராக மேலாளர் அறைக்குப் போனாள். கதவு திறந்தே இருந்தது.

"சார், மந்தம் அவரு கையில இல்ல. கம்ப்யூட்டர்ல நான்தான் விலாசத்த மாத்தி வச்சிட்டேன். கேட்ல யாராச்சும் உக்காரணும்னா என்னை உக்கார வைங்க."

"போம்மா, போய் வேலையப் பாரு" என்றார் புருஷோத்தமன். கேட் பேச்சு அதோடு ஒழிந்தது.

வடிவேல் அண்ணன் இரண்டு எழுத்து அடித்து டேப் தட்டினார். வரி நிரம்பியது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். அப்புறம் இடக்கையைத் தூக்கி விரித்துப் பார்த்து, "அப்ப என் கை நல்லாத்தான் இருக்குது" என்றார். இஃப்ஃபத் பிரஷ்ஷைத் தேடுகிற சாக்கில் மேசைக்கு அடியில் குனிந்துகொண்டாள்.

அந்த வேலையை விட்டு எனக்கு இரண்டு வருடமாகிறது. போன மாதம், 2009 தீபாவளி கழிந்து, பழையவர்களைப் பார்க்கப் போனேன். மாடியில் எல்லாம் தட்டைத் திரைகள். வடிவேல் அண்ணன் அதே ஜன்னலோரத்தில் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். இஃப்ஃபத் யாருக்கோ வந்த புதுக் கணினியைத் தயார் செய்துகொண்டிருந்தாள். "ரெண்டு நிமிஷங்க்கா, இது ஒண்ணு பாத்துட்டு வந்துடறேன்" என்று பத்து விரலாலும் படபடவென்று எதையோ அடித்து முடித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். வலக்கையைத் துப்பட்டா நுனியில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு, இடக்கைச் சுண்டுவிரலால் டேப் விசையை இரண்டு தடவை தட்டினாள்.