கதவுக்குக் கீழே ஓர் அங்குலம்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. காலை எட்டு மணி சுமாருக்கு நிலம் ஆடியது. பெரிய ஆட்டம் இல்லை. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன, அவ்வளவுதான்.
2. அம்மாவும் நானும் வெளியே ஓடினோம்.
3. தம்பி அம்மாவிடம் இருக்கிறான் என்று நான் நினைத்தேன். என்னிடம் இருக்கிறான் என்று அம்மா நினைத்தாள்.
4. கடற்காற்று கதவை அறைந்து சாத்தியது. அது சாத்தினாலே பூட்டிக்கொள்ளும் நைட் லாட்ச் வைத்த கதவு.
5. அம்மா தன் சாவியைப் போட்டுத் திருப்பினாள். திரும்பவில்லை. பலமாகத் திருப்பினாள். சாவியின் தலை அவள் கையோடு வந்தது; மீதி பூட்டுக்குள் நின்றுவிட்டது.
6. உள்ளே கேஸ் அடுப்பில் பால் இருந்தது.

எனக்கு அப்போது பத்து வயது, தம்பிக்கு மூன்று. கேம்பல் பே என்ற தீவு ஊரில், மேட்டுப் பகுதியில் இருந்த அரசாங்கக் குடியிருப்பில் இருந்தோம். அப்பா அலுவலக வேலையாகக் கப்பலில் போர்ட் பிளேர் போயிருந்தார். திரும்பி வர ஒரு வாரம் ஆகும்.

எங்கள் தீவில் நிலம் ஆடினால் முதலில் ஓடுவது, பிறகு எண்ணுவது என்று பழக்கம். பள்ளியில் அதற்குப் பயிற்சியே உண்டு. எதையும் தேடாதே, யாரையும் கூப்பிட்டுக்கொண்டு நிற்காதே, வெளியே வந்து தலைகளை எண்ணு. மிக நல்ல பழக்கம்தான். ஆனால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் என்ன செய்வது என்று பள்ளியில் சொல்லித்தரவில்லை.

பக்கத்து வீட்டு ஆன்ட்டி பஞ்சாபிலிருந்து குடியேறிய ராணுவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். "பச்சா கஹான் ஹை?" என்று அவர் கேட்ட பிறகுதான் அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். பிள்ளை எங்கே?

சாவி உடைந்தது அதற்கு அடுத்த நிமிடத்தில்.

அம்மா கதவைத் தட்டித் தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். பிறகு கதவுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நான்கு விரல்கள் வெளியே வந்தன. அழுகைச் சத்தமே இல்லை. மூன்று வயதாகியும் அவன் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. அம்மா, வா, வேணாம் என்று ஏழெட்டுச் சொற்கள்தான் இருந்தன அவனிடம். டாக்டர் வரும், வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பின்கதவை உடைக்க ஆன்ட்டி கடப்பாரையோடு ஓடினார். அதற்குள் எனக்குப் பால் தீய்ந்த வாடை வந்தது. அதன் பின்னாலேயே இன்னொரு வாடை.

கீழ் வரிசை வீட்டிலிருந்து போட் மெக்கானிக் தன் பையோடு மேலே ஏறி வந்தார். தூத்துக்குடிக்காரர், மீன்பிடிப் படகுகளின் எஞ்சின் பார்ப்பவர். வந்ததும் முதலில் கத்தியது கடப்பாரையைப் பார்த்துத்தான்.

"ஏ தங்கச்சி, அந்தம்மாவ கம்பியக் கீழ போடச் சொல்லு! மூக்குல என்ன சளியா கெட்டிக் கெடக்கு? கேஸ் மணக்குல்லா. பின்கதவுப் பக்கந்தான சிலிண்டர் இருக்கு?"

"ஆமாண்ணே" என்றாள் அம்மா.

"இரும்புல அடிச்சுப் பொறி பறந்துச்சுன்னா நீயும் இல்ல, நானும் இல்ல."

"அப்ப முன்கதவ ஒடைங்கண்ணே. பையன் உள்ள இருக்கான்."

அவர் குப்புறப் படுத்து இடுக்கு வழியாகப் பார்த்தார். "ஒடைக்கலாம். மொதல்ல ஒம் மவன் மூஞ்சிதான் ஒடையும். கதவோட ஒட்டிப் படுத்துக் கெடக்கான்."

கதவு உள்பக்கமாகத் திறப்பது. மழைக்காலம் என்பதால் ஜன்னல்களின் மரக்கதவுகளை அம்மா உள்ளே கொக்கி போட்டுச் சாத்தியிருந்தாள். அவற்றுக்கு முன்னால் இரும்புக் கம்பி வேறு. தள்ளிப் படு, எழுந்து வா என்று அம்மா எத்தனை முறை சொல்லியும் விரல்கள் அசையவில்லை. ஆக, செய்யக்கூடியது ஒன்றே ஒன்று. முறிந்த சாவித் துண்டை வெளியே எடுப்பது. என் கழுத்துக் கயிற்றில் பள்ளிவிட்டு வந்து நானே திறந்துகொள்ளும் வீட்டின் இரண்டாவது சாவி தொங்கிக்கொண்டிருந்தது. துண்டு வெளியே வராமல் அதனால் பயன் இல்லை.

மெக்கானிக் பூட்டுத் துவாரத்தில் விரலை வைத்து மோந்து பார்த்தார்.

"இதுக்குள்ள என்னத்த ஊத்துன?"

"தேங்கா எண்ணெய்ண்ணே. இறுகலா இருந்துச்சுன்னு..."

"அப்படியே தலை சீவிப் பூவும் வச்சு விட்டிருக்கலாம்லா."

எங்கள் தீவில் எல்லோரும் செய்வதுதான் அது. உப்புக்காற்றில் பூட்டு இறுகும், தேங்காயெண்ணெய் விடுவார்கள், நான்கு நாள் வழுக்கும், பிறகு அந்த எண்ணெயே பிசினாகி, மணலையும் துருவையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சாவி பாதி திரும்பிய நிலையில் முறிந்திருந்தது. அப்படியே இழுத்தால் வராது. முதலில் மெல்லிய திருப்புளியால் துவாரத்தை நேராக்கினார். பிறகு பையிலிருந்து ஒரு ரம்பத்தகடு எடுத்தார். நூல் அகலத்துக்குத் தேய்த்து, நுனியில் கொக்கி மாதிரி ஒரு பல்லை மட்டும் விட்டு வைத்திருந்தார். அதைச் சாவியின் பற்கள் ஓரமாக உள்ளே நுழைத்து, சிறிது திருகி, இழுத்தார். வழுக்கியது. மறுபடி நுழைத்தார். அவசரப்பட்டால் துண்டு இன்னும் உள்ளே போய்விடும் என்று எனக்கே தெரிந்தது. அவர் நெற்றி வியர்வை மூக்கில் இறங்கிச் சொட்டியது.

அப்போதுதான் உள்ளே பேச்சு கேட்டது.

"ஆமா."

கொஞ்சம் இடைவெளி.

"இல்ல." மறுபடி இடைவெளி. "தண்ணி வேணாம்."

தம்பியின் குரல்தான். யாரோ கேட்கிறார்கள், இவன் பதில் சொல்கிறான். கேட்பவர் பேசி முடிக்கும்வரை ஒழுங்காகக் காத்திருந்து சொல்கிறான். மெக்கானிக்கின் கை நின்றது.

அம்மா தரையில் உட்கார்ந்து இடுக்கிடம் குனிந்தாள். "யார்கிட்டடா பேசுற?"

"அக்கா."

"நான் இங்கதான்டா இருக்கேன்!" என்று கத்தினேன்.

"நீ இல்ல. இந்த அக்கா."

மெக்கானிக் சிலுவை போட்டுக்கொண்டார். ஆன்ட்டி என்னிடம் இந்தியில், என்ன சொல்கிறான் என்று கேட்டார். அக்காவோடு இருக்கிறானாம் என்று நானும் இந்தியில் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, என்னிடமிருந்து ஓர் அடி தள்ளி நின்றார்.

அம்மா மட்டும் பதறவில்லை. அதுவரை நடுங்கிக்கொண்டிருந்த அவள் குரல் சமனாகிவிட்டிருந்தது. நேரம் கழித்து வீட்டுக்கு வந்த பிள்ளையிடம், திட்டாமல், சாப்பிட்டாயா என்று கேட்கிற குரல்.

"அக்கா உசரமா இருக்காளா?"

"ம்."

"இவளவிடவா?"

"ம். பெரிசு."

அம்மா இடுக்கில் தெரிந்த விரல்களைத் தொட்டாள். "என்ன சொல்றா அக்கா?"

"இங்க மூக்கு வைக்கச் சொல்றா." அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

"வச்சுக்கோ கண்ணா. அக்கா சொல்றபடி செய்."

மெக்கானிக் உதட்டுக்குள் ஏதோ ஜெபம் சொல்லியபடி தகட்டை மூன்றாம் முறை நுழைத்தார். இந்த முறை பல் கவ்வியது. இழுக்க இழுக்க, மஞ்சள் பிசின் ஒட்டிய பித்தளைத் துண்டு மெல்ல வெளியே வந்து என் உள்ளங்கையில் விழுந்தது. என் கழுத்துச் சாவியை வாங்கிப் போட்டார்.

அதுவும் திரும்பவில்லை.

"சரிதான். உள்ள பொத்தான் விழுந்து கெடக்கு. அதான் மொதச் சாவியும் ஒடைஞ்சிருக்கு. உள்ள இருந்து யாராவது மேல தள்ளுனாத்தான் உண்டு."

அந்தப் பூட்டின் உட்புறம் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அதைக் கீழே இறக்கிவிட்டால் வெளியிலிருந்து எந்தச் சாவியும் வேலை செய்யாது. நானே எக்கித்தான் அதைத் தொடுவேன். தம்பிக்கு எட்டவே எட்டாது.

அம்மா இடுக்கில் வாயை வைத்துச் சொன்னாள்: "கண்ணா, அக்காகிட்ட சொல்லு. கதவுல ஒரு பொத்தான் இருக்கு. அத மேல தள்ளிவிடச் சொல்லு. அம்மா சொன்னேன்னு சொல்லு."

அம்மாவின் சாமர்த்தியத்தை நான் மனத்துக்குள் மெச்சிக்கொண்டேன். விளையாட்டுப்போலச் சொன்னால் அவன் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறுவான் என்று திட்டமிடுகிறாள், எப்பேர்ப்பட்ட மூளை!

அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முக்காலி இழுபடவில்லை. நான்கு விரல்களும் இடுக்கிலேயே இருந்தன. நான் அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே, பூட்டுக்குள், 'டக்' என்று ஒரு சத்தம்.

மெக்கானிக்கின் கையில் சாவி திரும்பியது.

கதவை அவர் நூல் நூலாகத் தள்ளினார். தம்பி அதோடு சேர்ந்து தரையில் சறுக்கினான். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது, குழாய் சீறிக்கொண்டிருந்தது. "ஒருத்தரும் சுவிட்சத் தொடாதீக!" என்று கத்திக்கொண்டே அவர் ஓடிப்போய் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்துவிட்டார். அறையில் வேறு யாரும் இல்லை. முக்காலி அதன் மூலையில் இருந்தது.

அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். உடனே வெளியே வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசற்படியில் ஒதுங்கி, ஒரு கையால் கதவை அகலப் பிடித்தபடி நின்றாள்.

"வெளிய வா தங்கச்சி! அங்க என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்க?"

"வரேண்ணே" என்றாள். இன்னும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வந்தாள்.

இன்று நான் தொழிற்சாலைகளில் வாயுக்கசிவு காட்டும் கருவிகளைச் சோதிக்கும் பொறியாளர். நடந்ததற்கெல்லாம் என்னிடம் காரணம் உண்டு. பொத்தானின் வில் தேய்ந்திருந்தது. கதவு அறைந்த அதிர்ச்சியில் விழுந்தது. சாவியை ஆட்டியதில் மேலே ஏறியது. தனியாக மாட்டிக்கொண்ட குழந்தை கற்பனைத் துணையோடு பேசும். படுத்திருந்த இடத்துக்கு மட்டும்தான் காரணம் சொல்வது கொஞ்சம் கஷ்டம். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். அந்த வீட்டில் ஒரு குழந்தை படுக்கவே கூடாத இடம் தரை. ஆனால் கதவிடுக்கு வழியாகக் கடற்காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. வீடு முழுவதிலும் மூச்சு விடக்கூடிய இடம் அந்த ஓர் அங்குலம். அவன் மூக்கு அதில் இருந்தது.

அம்மாவின் தந்திரத்தைப் பள்ளியில் பலரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். போன வருடம்வரை அது தந்திரம் என்றுதான் நம்பினேன்.

போன வருடம் அம்மாவுக்குக் கர்ப்பப்பை அறுவை சிகிச்சை. படிவம் நிரப்பிய நர்ஸ், "எத்தனை பிரசவம்மா?" என்று கேட்டார்.

"மூணு."

"ரெண்டு, சிஸ்டர்" என்று திருத்தினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. நர்ஸின் பேனாவைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு. மூத்தது பொண்ணு. இவளவிட ரெண்டு வயசு பெரியவ. ஒன்றரை வயசுல ஜுரம். மெயின்லாந்துக்குக் கப்பல்ல கொண்டு போனோம். ரெண்டாம் நாள்..." நர்ஸ் மூன்று என்று எழுதிக்கொண்டார்.

கதவுக்கு வெளியே உட்கார்ந்து அம்மா அன்று கேட்டவற்றை அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். யார் அது என்று அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. எவ்வளவு உயரம் என்றுதான் கேட்டாள்.

இன்றைய நிலவரம் இது. அப்பா ஓய்வுபெற்றதும் அந்த வீட்டைக் காலி செய்துவிட்டோம். இப்போது அங்கே வேறு குடும்பம் இருக்கிறது. தம்பி பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். வாய் ஓயாமல் பேசுகிறான். அந்தக் காலை அவனுக்குத் துளியும் நினைவில்லை. அம்மா நலமாக இருக்கிறாள். அக்காவின் பெயரை நான் இன்னும் கேட்கவில்லை.