பொலிஸ் ஜீப்பில் போன மாப்பிள்ளை

ஏறக்குறைய நாற்பது வருடமாக ஒரு பொலிஸ் ஜீப்பைக் கலியாணக் கார் என்று நம்பி வாழ்ந்திருக்கிறேன். எழுதும்போதே மேலெல்லாம் பற்றி எரிகிறது. என்னை ஏமாற்றியவர்கள் பலர் உண்டு. மீன் எடுக்க வரும் முதலாளி தராசில் ஏமாற்றியிருக்கிறார். வழுக்கையில் மயிர் முளைக்கும் என்று எண்ணெய் விற்றவன் ஏமாற்றியிருக்கிறான். அவர்களையெல்லாம் மன்னித்துவிட்டேன், மன்னிக்கச் சொல்லித்தானே எங்கள் பங்குச் சுவாமியும் பிரசங்கம் வைக்கிறார். இந்த ஏமாற்றை மட்டும் மன்னிக்கமாட்டேன். செய்தவர் என் சொந்த அத்தான், அக்காவின் புருஷன்.

போன மாதம் ஒரு ஞாயிறு மதியம் என் மகன் ரீவியை நோண்டிக்கொண்டிருந்தவன், "அப்பா, நீங்கள் எந்தநாளும் புழுகிற அந்த ஹிந்திப் படம் இதிலை கிடக்கு. கீழை தமிழ் எழுத்தும் ஓடுதாம்" என்றான்.

புழுகுவது என்ற சொல்லைப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தேன். அவன் எந்தப் புதுப் படத்தைப் பார்த்தாலும் "இதெல்லாம் ஒரு படமோ?" என்று தொடங்கி, நான் சிறுவயதில் பார்த்த அந்தப் படத்தில் போய்த்தான் முடிப்பேன். ஏழை இளைஞன் ஒருவன். அவன் விரும்பும் பெண். அவளைக் கட்ட வரும் மீசைக்காரப் பணக்காரன். கல்நெஞ்சுக்காரத் தகப்பன். கடைசியில் தகப்பன் மனம் மாறி, இளைஞன் கையில் கங்கணத்தோடு கலியாணக் காரில் ஏறுவான். பெண் ஆனந்தக் கண்ணீர் வடிப்பாள். அந்த இடத்தில், நாங்கள் படம் பார்த்த வலைக் கொட்டிலில் அழாத சனமே இல்லை. இதைவிடச் சிறந்த படம் உலகத்தில் எடுக்கப்படவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் கதிரை போட்டு இருத்தினேன். மனைவி கடலை அவித்தாள்.

படம் தொடங்கிக் கால் மணித்தியாலத்தில் எனக்கு வேர்க்கத் தொடங்கியது. நான் இவ்வளவு காலமும் மனதார வெறுத்துவந்த மீசைக்காரனைப் பார்த்து அந்தப் பெண் "அண்ணா" என்கிறாள். கட்டப்போகிறவனை ஒருத்தி அண்ணா என்பாளோ? எழுத்துப் போட்டவன் பிழை விட்டிருக்கிறான் என்றேன். கொஞ்ச நேரத்தில் என் அருமைக் கதாநாயகன் போலி மருந்து விற்றான். வேறு ஊரில் அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்தாள். கல்நெஞ்சுக்காரத் தகப்பனோ, மகளை அந்தக் கள்ளனிடமிருந்து காப்பாற்ற ஊரூராக அலைகிற சாதுவான கிழவர்.

இன்ரநெற்றில் படத்தையே மாற்றிவிட்டார்கள் என்று முதலில் கத்தினேன். முகங்கள் எல்லாம் அதே முகங்கள். அப்படியென்றால் கழன்றது என் மூளைதான். பயத்தில் பிள்ளைகளின் பிறந்த திகதிகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன், வந்தது. செபமாலையின் துக்க தேவ இரகசியங்களைச் சொல்லிப் பார்த்தேன். நாலாவது வரவில்லை. முடிந்தது கதை, இனி மனைவி எனக்குச் சோறு ஊட்டவேண்டியதுதான் என்று கண்கலங்கிய பிறகுதான், அந்த நாலாவது எனக்கு எந்தக் காலத்திலும் வந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"என்னப்பா, முகம் வெளிறிக் கிடக்கு? பிரஷர் குளிசை போட்டனீங்களோ?" என்றாள் மனைவி.

கடைசியில் அந்த இடமும் வந்தது. கங்கணம் என்பது கைவிலங்கு. கலியாணக் கார் என்பது பொலிஸ் ஜீப். மாப்பிள்ளைத் தோழர்கள் இருவரும் தொப்பி போட்ட கொன்ஸ்தாபிள்மார். அந்தப் பெண் அழுதது ஆனந்தத்தில் அல்ல.

"அப்பா, கலியாணச் சோறு எப்ப போடுவினம்?" என்றான் மகன். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடலை புரையேறியது.

அந்தச் சூட்டோடு அரிப்பு என்ற ஊரிலிருக்கும் அத்தானுக்குப் போன் எடுத்தேன்.

"அத்தான், அந்த ஹிந்திப் படம் பாத்தனான். தகப்பன் நல்ல மனுசன்!"

"அப்பிடியோ? நல்லதுதானே மச்சான்."

"நீங்கள் டுபாயிலை நிண்டு ஹிந்தி படிச்சதெண்டு சொன்னனீங்கள்!"

"டுபாயோ? நான் மதவாச்சியைத் தாண்டினதே போன வருசம் கண் ஒப்பரேசனுக்குத்தான்."

"அப்ப நீங்கள் சொன்ன கதையெல்லாம்?"

"நான் சொன்ன கதை நல்லாயிருந்துதோ இல்லையோ, அதைச் சொல்லு."

"நல்லாத்தான் இருந்தது..."

"அப்ப படம் எடுத்தவனையெல்லோ நீ ஏசவேணும்? என்னை ஏன்டாப்பா ஏசுறாய்?" என்று போனை வைத்துவிட்டார்.

நடந்ததைச் சொன்னால்தான் என் கோபத்தின் நியாயம் விளங்கும்.

மன்னார்த் தீவில் எங்கள் பக்கத்துக்குக் கரண்ட் வராத காலம். அப்பாவுக்கு இரண்டு வள்ளங்களும், வலை வைக்கிற பெரிய கொட்டில் ஒன்றும் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் சாப்பிட்டு எழும்பும் நேரம், அரிப்பிலிருந்து ஓர் இளைஞர் லான்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரத்தில் ரீவி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் சாக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டு வருவார். வலைகளை ஒதுக்கிவிட்டு, சாக்கு மறைப்புகளை இறக்கி இருட்டாக்கினால் எங்கள் கொட்டில்தான் தியேட்டர். நாங்கள் அவரை டெக் அண்ணை என்போம். பின்னாளில் என் அத்தானாகி என்னை ஏமாற்றப்போகிறவர் அவர்தான் என்று அப்போது தெரிந்திருந்தால் லான்மாஸ்டர் சில்லின் காற்றைத் திறந்துவிட்டிருப்பேன்.

அவரிடமிருந்த தமிழ்ப் படங்களை உப்புக் காற்று தின்றுவிட்டது. மிஞ்சியது அந்த ஹிந்திப் படம் ஒன்றுதான், அதிலும் முக்கால்வாசி கோடு கோடாக மழை பெய்யும். ஆனால் டெக் அண்ணைக்கு ஹிந்தி தெரியுமே! ரீவிக்குப் பக்கத்தில் நின்று, ஜெனரேற்றர் சத்தத்துக்கு மேலால் ஒவ்வொருவர் கதைப்பதையும் அவரவர் குரலிலேயே தமிழில் சொல்லுவார். பெண்களெல்லாம் ஒரு பக்கம் பாயில், ஆண்கள் மறுபக்கம். நடுவில் அப்பாவுக்கு மட்டும் கதிரை. சாக்கு மறைப்புக்கு வெளியே கழுதைகள் வந்து முதுகைத் தேய்க்கும். அப்பா இருந்த இடத்திலிருந்தே அவற்றைக் கலைப்பார். கழுதைகளை அவர் தமிழில் ஏசியதில்லை. எங்களுக்கு விளங்காத ஏதோ ஒரு பாஷையில்தான் ஏசுவார். "என்னப்பா அது?" என்று ஒருநாள் கேட்டேன். "அது கழுதைப் பாஷை. உனக்கு ஏன் விளங்கேல்லை எண்டுதான் எனக்கு ஆச்சரியம்" என்றார்.

அந்த நாட்களில் அக்காவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை முருங்கன் பக்கத்தில் ஒரு அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே வயலும் இருந்தது. எங்கள் கோயில் வழக்கப்படி கலியாணத்துக்கு முன்னர் மூன்று ஞாயிறு பூசையில் மாப்பிள்ளை, பெண் பெயர்களை வாசித்து, யாருக்காவது ஆட்சேபனை இருந்தால் அறிவிக்கச் சொல்லிச் சுவாமி கேட்பார். மூன்றாவது தரமும் வாசித்துவிட்டால் பிறகு அசைக்க முடியாது. முதலாம் வாசிப்பில் அக்காவின் பெயரைக் கேட்டதும் நான் கழுத்தை நிமிர்த்திச் சுற்றிப் பார்த்தேன். அன்று மதியம் அக்கா சாப்பிடவில்லை. சந்தோசத்தில் வயிறு நிறைந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டு, அவளுடைய மீன் துண்டையும் நானே எடுத்துச் சாப்பிட்டேன்.

பின்னேரம் படம். மீசைக்காரன் பெரிய மாளிகையில் படியிறங்கி வந்து ஏதோ சொன்னான்.

"என்ன சொல்லுறான் தம்பி?" என்று அப்பா கேட்டார்.

டெக் அண்ணை மூக்கால் பேசினார்: "எனக்குக் குளத்துக்குக் கீழை வயல் கிடக்கு. கந்தோரிலை உத்தியோகம் கிடக்கு. பெட்டைக்கு வேறை என்ன வேணும்?"

கொட்டில் கொல்லென்று சிரித்து, பட்டென்று நின்றது. எல்லோரும் அப்பாவின் கதிரையைப் பார்த்தார்கள். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். அதன் பிறகுதான் சனம் மறுபடியும் சிரித்தது. ஹிந்திக்காரர் நாட்டிலும் எங்களைப் போலவே குளமும் வயலும் இருக்கிறது என்று நான் அறிவை வளர்த்துக்கொண்டேன். அப்பா சில இடங்களில் டெக் அண்ணை வாய் திறக்க முன்னரே சிரித்தார். அதிலும் எனக்கு வித்தியாசமாக ஒன்றும் படவில்லை. அப்பாவுக்கு எதிலும் அவசரம்.

அடுத்த ஞாயிறு கோயிலில் இரண்டாம் வாசிப்பு. பின்னேரம் அதே படம். ஆனால் கதைகள் மாறியிருந்தன! போன கிழமை பகிடி விட்ட இளைஞன் இந்தக் கிழமை பெண்ணின் முகத்தைப் பார்த்து, "இன்னும் ஒருக்கா வாசிச்சா, அதுக்குப் பிறகு இந்தக் கரைப்பக்கம் நான் வரமாட்டன். நீ ஒரு சொல்லுச் சொன்னால் உன்ரை அப்பரிட்டை நானே வந்து கேப்பன்" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி நின்று கத்தினேன். "பொய்! போனகிழமை இவன் இப்பிடிச் சொல்லேல்லை! என்னத்தை வாசிக்கிறதாம்?"

டெக் அண்ணை என்னைப் பார்க்காமல் பெண்களின் பக்கம் பார்த்துச் சொன்னார். "போனகிழமை அவன் மனசிலை இருந்ததைச் சொல்லேல்லைத் தம்பி. இண்டைக்குத்தான் சொல்லுறான்."

அக்கா எட்டி என் தலையில் குட்டினாள். குட்டிவிட்டு அவளே கண்ணைத் துடைத்தாள். குட்டு எனக்கு, கண்ணீர் அவளுக்கோ என்று ஆத்திரத்தோடு உட்கார்ந்தேன்.

பிறகு அந்தப் பெரிய இடம் வந்தது. பெண் தலைகுனிந்து நிற்கிறாள். முன்னால் தகப்பன். அவர் மெதுவாக ஏதோ கேட்டார்.

"என்ன சொல்லுறான் தம்பி?"

டெக் அண்ணை அப்பாவின் கதிரையைப் பார்த்தார். "தகப்பன் சொல்லுறார் ஐயா... நான் பாத்தவனைத்தான் நீ கட்டவேணும். உன்ரை விருப்பத்தை ஆர் கேட்டது எண்டு."

அப்பா கதிரையை விட்டு எழும்பினார். சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையை நீட்டித் தொண்டை கிழியக் கத்தினார்.

"டேய்! உன்ரை பிள்ளையெல்லோடா அவள்! அவளை ஒரு வார்த்தை கேளன்ரா! கேளன்!"

"இருங்கோ, சனம் பாக்குது" என்று அம்மா சாரத்தைப் பிடித்து இழுத்தா. நான்தான் முதலில் கைதட்டினேன். பிறகு கொட்டில் முழுவதும் தட்டியது. அப்பா உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் படத்தைப் பார்க்கவில்லை, டெக் அண்ணையிடம் எதையும் கேட்கவுமில்லை.

மூன்றாவது ஞாயிறு கோயிலில் அக்காவின் பெயர் வாசிக்கப்படவில்லை. சுவாமிக்கு மறந்துவிட்டது என்று நினைத்துப் பூசை நடுவில் நான் கை உயர்த்தினேன். அம்மா தொடையில் கிள்ளினா. கலியாணத்துக்கு எனக்குத் தைத்த காற்சட்டை பெட்டிக்குள் போனது. அடுத்த வருடம் டெக் அண்ணை என் அத்தானானபோது அது எனக்குப் பற்றவில்லை. இந்தக் குடும்பம் எனக்குச் செய்த அநியாயங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே போன கிழமை, அத்தானோடு சண்டைக்குப் போகுமுன் சாட்சி சேர்ப்பதற்காக, வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து அந்தப் படத்தை மறுபடியும் போட்டேன். ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, அவர் சொன்ன பொய் எது, உண்மை எது என்று பிடிப்பதாகத் திட்டம். பாதிப் படத்தில் கிழவர் அந்தப் போலி மருந்துக்காரனைப் பார்த்து ஏதோ ஏசினார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த ஏச்சு எனக்குத் தெரியும். சாக்கு மறைப்புக்கு இந்தப் பக்கமிருந்து ஆயிரம் தடவை கேட்ட ஏச்சு. வெளியே கழுதைகள் கலைந்து ஓடும் சத்தம்கூடக் காதில் கேட்டது.

அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, அப்பா இளவயதிலை இந்தியாவிலை நிண்டவரெல்லோ. எங்கை நிண்டவர்?"

"பம்பாயிலை. கப்பலிலை சாமான் இறக்கிறதிலை கனகாலம் நிண்டவராம். அம்மா சாக முதல்தான் எனக்குச் சொன்னவ. ஏன்டா?"

"சும்மா."

"உன்ரை அத்தானோடை சண்டையாம்? அந்த மனுசனைப் பேசாமல் விடு."

போனை வைத்துவிட்டு, அந்தப் பெரிய இடத்துக்கு ஓட்டினேன். பெண் தலைகுனிந்து நிற்கிறாள். கிழவர் மெதுவாகக் கேட்கிறார். கீழே எழுத்து வந்து நின்றது.

'உன் விருப்பம் என்ன மகளே? நீயே சொல். நான் கேட்கிறேன்.'

நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, மறுபடியும் பார்த்தேன். எழுத்து மாறவில்லை. படத்தில் இருந்த தகப்பன் கேட்டுவிட்டார். தமிழ் ஒரு சொல்லும் வர முன்னரே அது எங்கள் கொட்டிலில் ஒரு கதிரைக்கு விளங்கியிருக்கிறது. விளங்கியும் அவர், "என்ன சொல்லுறான் தம்பி?" என்று கேட்டார். அந்தப் பெடியன் நடுங்கி நடுங்கிச் சொன்ன பொய்யைக் கடைசிச் சொல்வரை கேட்டார். பிறகுதான் எழும்பி நின்று, மகளைக் கேட்காத ஒரு தகப்பனை ஊர் பார்க்க ஏசினார்.

நான் ரீவியைப் பார்த்துக் கைதட்டினேன்.