மச்சான் மறைத்த சிவப்பு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் மனைவியும் கடலூரில் பஸ் ஏறி சிதம்பரத்துக்கு மச்சானைப் பார்க்கப் போனோம். கத்திரி வெயில். மச்சானோ வீட்டுக்குள் முழுக்கைச் சட்டையும் சாக்ஸுமாக உட்கார்ந்திருந்தான்.

"என்னடா இது கோலம்?" என்றாள் மனைவி.

"கொசு ஜாஸ்திக்கா."

பட்டப்பகலில் கொசுவா?

மச்சானுக்கு ரத்தப் புற்றுநோய். மூன்று மாதம் முன்பு சென்னையில் எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். கொடுத்தது அவன் அக்கா... அதாவது என் மனைவி. டாக்டர் அப்போதே தெளிவாகச் சொன்னார் — புதிதாக வந்த அணுக்கள் மிச்சமிருக்கும் புற்றுநோயை விரட்டும். சில சமயம் ஆள் தெரியாமல் இவர் உடம்பையே தாக்கும். தோல் சிவந்தாலோ, வயிற்றால் போனாலோ அன்றைக்கே போன் செய்யுங்கள். நாள் கடத்தினால் உயிருக்கே ஆபத்து.

கை கழுவி, மாஸ்க் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போயிருந்தோம். மனைவி குனிந்து அவன் சாக்ஸைக் கழற்றினாள். உள்ளங்கால் சூடு பட்ட மாதிரி சிவந்திருந்தது. உள்ளங்கையும் அப்படியே.

"எத்தினி நாளா?"

பக்கத்தில் நின்ற அவன் மனைவி தரையைப் பார்த்தாள். சொல்லக் கூடாதென்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்.

"அஞ்சு நாளா இருக்கு மாமா," என்றான் என்னிடம். "வயித்தாலயும் போவுது. தான் குடுத்ததுதான் என்னை அடிக்குதுன்னு தெரிஞ்சா, அக்கா தாங்குமா?"

எனக்குக் கோபம் வந்தது. பயமும்தான். நம் வீடுகளில் எப்போதும் இதே கதைதானே? மகளுக்குத் தெரியாமல் நெஞ்சுவலியை மறைப்போம். மனைவிக்குத் தெரியாமல் சுகரை மறைப்போம். அதற்குப் பாசம் என்று பெயர் வேறு.

மனைவி அழவில்லை. அவன் காலை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சின்ன வயசுல நான் லேசா கிள்ளினாலே, தெருவுக்கே கேக்கற மாதிரி கத்திக்கினு அம்மாகிட்ட ஓடுவியே... இப்ப என்னடா பெரிய மனுசத்தனம்? டாக்டருக்குப் போனைப் போடு. அக்கா அடிக்குதுன்னு சொல்லு."

போட்டான். உடனே கிளம்பி வரச் சொன்னார்கள். கார் பிடித்து அன்றைக்கே சென்னை போனோம். ஸ்டீராய்டு ஏற்றினார்கள். சில நாளில் சிவப்பு தணிந்தது, வயிறும் அடங்கியது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கைமீறிப் போயிருக்கும் என்றார் டாக்டர். அப்போதுதான் மனைவி அழுதாள்.

இப்போது மச்சான் வீட்டில் இருக்கிறான். தினமும் காலையில் போன் வருகிறது. கை அரிக்குது, வாய் எரியுது, மாத்திரையால முகம் ஊதிப்போச்சு... அக்கா மேல் அக்காவிடமே கோள் சொல்கிறான்.

அதைக் கேட்காமல் அவளுக்குக் காபி இறங்குவதில்லை.