மிஞ்சிய சோறு

வடக்கே மலையில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷம் நான் மூன்றாம் வகுப்பு படித்தேன். அம்மாவின் தம்பி, என் ஒரே மாமா, அங்கேதான் இருந்தார். டிவி செய்தியில் பீரங்கி வெடிக்கும்போதெல்லாம் "எங்க மாமா வெடிச்சது!" என்று மலையாள நாட்டில் நாங்கள் குடியிருந்த ஆரியசாலைத் தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன். மாமா பட்டாளத்தில் சமையல்காரர் என்பது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு பீரங்கியைக் கொடுத்துவிடுவார்கள் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன்.

சண்டை முடிவதற்கு முன்பே ஒரு நாள் மாமா வலது கையில் பெரிய கட்டுடன் வந்து இறங்கினார். விடுவேனா? மறுநாள் முதல் மணி அடிப்பதற்குள் மாமா கையில் குண்டு பாய்ந்த செய்தியை வகுப்பு முழுக்கப் பரப்பிவிட்டேன். மத்தியானத்துக்குள் அது மூன்று குண்டாகிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அது கொதிக்கிற கஞ்சி கொட்டிய கை. அடக் கடவுளே, இதைப் போய் யாரிடம் சொல்வது!

மாமாவும் எனக்கு உதவுகிற மாதிரி ஒன்றும் பேச மாட்டார். சண்டையைப் பற்றிக் கேட்டால் அரிசியைப் பற்றிச் சொல்வார். அவ்வளவு உயரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதிக்குமாம், அரிசி மட்டும் வேகாதாம். குக்கர் இருந்தால்தான் ஆகும். அந்தக் குளிரில் குக்கர் வாஷரோ அப்பளம் மாதிரி நொறுங்கிவிடும். லீவில் வந்த மனுஷர், கட்டுப் போட்ட கையோடு சாலை என்கிற எங்கள் ஊர்க் கடைத்தெருவெல்லாம் அலைந்து இரண்டு டஜன் வாஷர் வாங்கினார். அங்கே எதிரியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லையாம். யாருக்கு வீட்டிலிருந்து கடிதம் வந்தது, யாருடைய சாக்ஸ் எத்தனை நாளாகக் காயவில்லை, யார் விட்ட குறட்டையில் கோவேறு கழுதை மிரண்டு ஓடியது, இதுதான் பேச்சாம். சொல்லிவிட்டு மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். அவர்மேல் எனக்கு அவ்வளவு பிரியம். அதனால்தான் அந்தக் கஞ்சியை நினைத்து நினைத்து வயிற்றெரிச்சலாக இருந்தது.

மூன்று குண்டின் புகழ் ஹெட்மிஸ்ட்ரஸ் வரைக்கும் எட்டி, மாமாவைப் பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டுவிட்டார்கள். கிளம்பும்போது அவர் காலைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னேன்.

"குண்டுன்னு சொல்லிட்டேன் மாமா. கஞ்சின்னு சொல்லிராதீங்க."

"கஞ்சியப் பத்தி வாயே தொறக்க மாட்டேன். போதுமா மக்கா?"

சொன்னபடியே கஞ்சியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. ஆனால் பெரிய வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, "சாரே, எத்ர பேரெ கொன்னு?" என்று கேட்டான். யாரையும் கொல்லவில்லை, சோறு பொங்குவதுதான் தன் வேலை என்று மாமா மலையாளத்தில் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமா தொடர்ந்தார். ஒரு நாள் நாற்பது பேர் சண்டைக்கு மேலே ஏறினார்களாம். இறங்கி வந்ததும் சுடச்சுடச் சாப்பிடட்டும் என்று நாற்பது பேருக்கும் பொங்கி வைத்திருந்தாராம். ஒன்பது பேருக்குச் சோறு மிஞ்சிவிட்டதாம். அத்தோடு நிறுத்திவிட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து மைக்கை வாங்கிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் நின்றார். பாவம், பேச வேண்டியது மறந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

எனக்கானால் கோபம் கோபமாக வந்தது. நான் சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை வைத்திருப்பவரின் மகள். ஒன்பது பேர் சோறு மிஞ்சுவதென்றால் என்ன அநியாயம் அது! கடையில் வேலை பார்க்கும் அண்ணன்மாருக்கு மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். எப்போதாவது ஒரு நாள் அவர்கள் கிழக்கேகோட்டைப் பக்கம் போய்ப் பொரோட்டா தின்றுவிட்டு வந்து, "பசியில்லக்கா" என்று நெளிவார்கள். அம்மா பிடித்துக்கொள்வாள் பாருங்கள். "பொங்கி வச்சவகிட்ட ஒரு வார்த்த சொல்லாண்டாமா? யாருக்குப் பொங்குதேன் நான், காக்காய்க்கா?" அதன்பிறகு ஒரு மாதத்துக்கு எல்லோரும் ஒழுங்காக வந்து இலை முன்னால் உட்காருவார்கள். மாமாவுக்கு ஏசத் தெரியாது. ஆள் சாது என்று தெரிந்துகொண்டு அந்த ஒன்பது பேரும் எங்கேயோ போய்ச் சாப்பிட்டுவிட்டார்கள். விஷயம் எனக்கு நன்றாகப் புரிந்துபோயிற்று.

பள்ளிக்கூடம் விட்டு அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"அந்த ஒன்பது பேரும் உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலியா மாமா?"

"இல்ல மக்கா."

"ஒருத்தர்கூடவா?"

"ஒரு பஞ்சாபிக்காரப் பய இருந்தான். நம்ம ரசம்னா அவனுக்கு உசிரு. ரசம் எடுத்து வையி, வந்து குடிக்கேன்னுட்டுப் போனான்."

"வச்சீங்களா?"

"வச்சேன்."

இது அதைவிட மோசம். ரசம் வேண்டுமென்று வாய் திறந்து கேட்டுவிட்டு வராமல் இருப்பதா? என்ன ஜென்மங்கள்! நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

"நீங்க ரொம்ப எடங் குடுக்கீங்க மாமா. திரும்பி வரும்போது அம்மா மாதிரி நல்லா ஏசிவிடுங்க. அப்பதான் சரிப்படுவாங்க."

மாமா அந்தத் தெருவிலேயே எனக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். கட்டுத்துணியில் மருந்து வாடை அடித்தது.

"வரட்டும் மக்கா," என்றார். "அவனுக வரட்டும். நல்லா ஏசுதேன்."

சத்தியமா என்று கேட்டேன். சத்தியம் என்றார். ஒருவழியாக மாமாவுக்குப் புத்தி வந்துவிட்டது என்ற திருப்தியில், வீடு வரைக்கும் குதித்துக்கொண்டே போனேன்.