சாவு சொல்லும் மைக்

ஆண்டிமடம் பக்கத்து ஊர்களில் யாராவது இறந்துபோனால் ஆட்டோவில் மைக் கட்டி, தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போகிறவர் அவர். கொரோனா இரண்டாவது அலையில், தடுப்பூசி முகாமுக்கு ஆள் கூப்பிட வேறு ஆட்டோ கிடைக்காமல் அவரையே அமர்த்தினார்கள். அங்கேதான் வந்தது வினை. நர்ஸாக நானும் கூடப் போனேன்.

ஒல்லியான ஆள். பேசுவதற்கு முன் மைக்கை இரண்டு தடவை விரலால் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும், "யாருங்க போயிட்டா?" என்று ஓடிவந்தவர்கள், ஊசி என்றதும் சண்டைக்கு நின்றார்கள். ஊசி போட்டவன்தான் செத்தான் என்றார் ஒருவர். போடாதவன் சாகலையா என்றார் இன்னொருவர். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு அம்மா ஆட்டோவையே மறித்துவிட்டார்.

"சாவு சொல்ற வாயால ஊசிக்குக் கூப்புடுறியே, வெளங்குமாய்யா?"

"ஊசிக்கு நீங்க வந்துட்டா, அதுக்கு நான் வர வேண்டாம்மா" என்றார் அவர்.

அந்த அம்மா வரவில்லை. கணவரையும் விடவில்லை.

சில வாரம் கழித்து அதே தெருவில் நான் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தபோது மைக் தட்டும் சத்தம் கேட்டது. கொரோனாவில் போனது அந்த அம்மாவின் கணவர். ஊரே வாசலில் நின்று கேட்டது. நான் ஆட்டோவை நோக்கி ஓடினேன்.

"அண்ணே, ஊசியப் பத்தியும் ரெண்டு வார்த்த சொல்லுங்க."

அவர் மைக்கை உள்ளங்கையால் பொத்தினார்.

"இன்னிக்கு வேணாம் சிஸ்டர். அந்தம்மா கேட்டுக்கிட்டிருக்கு."

சொல்லியிருந்தால் நாலு பேராவது வந்திருப்பார்கள் என்று எனக்கு இன்னும் ஆத்திரம்தான். ஆனால் அந்த அம்மா வீட்டைத் தாண்டும்வரை அவர் மைக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.